நெஞ்சுக்குள் ஒரு சாட்சி: தன்னுணர்வு என்ற கருத்தின் நீதிமன்ற வரலாறு

1

தன்னுணர்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக தெகார்த்தின் அறையிலிருந்து தொடங்குகிறார்கள். கணப்பு எரியும் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து ஒருவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார். சந்தேகித்துக்கொண்டிருக்கிற தன்னை மட்டும் அவரால் சந்தேகிக்க முடியவில்லை. அங்கே புறப்படுகிற ரயில் காண்ட், ஹெகல், ஹுஸ்ஸெர்ல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று, கடைசியில் மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வுக்கூடத்தில் வந்து சேரும். தத்துவம் கேட்டதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது என்று கதையாடல் முடியும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நிற்பதே இல்லை. அது கோர்ட்.

‘நான் என்னை அறிகிறேன்’ என்பது மேற்கத்தியச் சிந்தனையில் ஒரு தனிச் சிக்கலாக உருவெடுத்தபோதே, ‘இதைச் செய்தது நீதானா?’ என்ற விசாரணைக் கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி மூளை ஆய்வாளர்களின் கைக்கு வந்து, அங்கிருந்து நம் போலீஸின் கைக்கும் வந்திருக்கிறது. எனவே இது தத்துவ மாணவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயமாக இனி இருக்க முடியாது.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தின் ‘கான்ஷியஸ்னஸ்’ என்ற சொல்லுக்கு வேர் லத்தீனின் ‘கான்ஷியென்ஷியா’. ‘கூட’, ‘அறிதல்’ என்ற இரண்டும் சேர்ந்தது. ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து அறிந்திருப்பது என்று பொருள். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவனும் இப்படி அறிந்தவன்தான். நேரில் பார்த்த சாட்சியும் அறிந்தவன்தான். 1651இல் வெளிவந்த ‘லெவியதான்’ நூலில் தாமஸ் ஹாப்ஸ் இந்தப் பழைய பொருளைத்தான் முதலில் தருகிறார்: ஒரே செயலை இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ அறிந்திருந்தால் அவர்களே ஒருவருக்கொருவர் பொருத்தமான சாட்சிகள். தன் ரகசியத்தைத் தானே அறிந்திருப்பதற்கு இந்தச் சொல் பயன்பட்டது பிற்பாடு, உருவகமாக என்கிறார். அதாவது வெளியே நின்றுகொண்டிருந்த சாட்சி மெல்ல மெல்ல உள்ளே குடிபுகுந்திருக்கிறார்.

தமிழில் இந்தத் தடயம் இன்னும் அழியவில்லை. ‘மனசாட்சி உறுத்துது’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மனம், சாட்சி. அதில் ஒரு கோர்ட் உட்கார்ந்திருப்பது யார் காதிலும் விழுவதில்லை. ஆனால் தத்துவம் பேச உட்கார்ந்தபோது நாம் பிரக்ஞை, தன்னுணர்வு, உணர்வுநிலை, தன்னிலை என்று வேறு சொற்களைத் தேடிப் போய்விட்டோம். எழுபதுகளில் ‘பிரக்ஞை’ என்ற பெயரிலேயே ஒரு சிற்றிதழ் வந்தது. இந்தச் சொற்கள் எதிலும் சாட்சி இல்லை. மனசாட்சியை அறவியலுக்கும் சினிமா வசனத்துக்கும் கொடுத்துவிட்டு, பிரக்ஞையைத் தத்துவத்துக்கு எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது மறந்துபோயிற்று.

2

உள்ளே குடிபுகுந்த சாட்சிக்குப் பட்டா எழுதிக் கொடுத்தவர் ஜான் லாக். அவருடைய மனித அறிதல் பற்றிய நூல் 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதில் தன்னடையாளம் பற்றிய அத்தியாயம் கிடையாது. டப்ளினைச் சேர்ந்த நண்பர் வில்லியம் மோலினோ தூண்டியதன் பேரில் 1694இன் இரண்டாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவர்தான் என்று எதை வைத்துச் சொல்வது? ஆன்மாவை வைத்தா, உடம்பை வைத்தா? லாக் இரண்டையும் தள்ளிவிட்டு, எதுவரை என் உணர்வு பின்னோக்கி நீண்டு ஒரு செயலை என்னுடையது என்று ஏற்கிறதோ அதுவரை நான் என்றார்.

இதைப் பலரும் நினைவு பற்றிய கோட்பாடாக மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில் ‘ஆள்’ என்பது நீதிமன்றத்துக்குரிய சொல் என்று லாக் வெளிப்படையாகவே எழுதுகிறார். செயலையும், அதற்கான பழியையும் பாராட்டையும் யார் பெயரில் எழுதுவது என்பதற்கான சொல் அது. சட்டம் என்றால் என்னவென்று அறியக்கூடிய, இன்ப துன்பம் உணரக்கூடிய ஒருவருக்கே அது பொருந்தும். ஆக லாக்கின் ‘நான்’ பிறக்கும்போதே கூண்டில் நின்றபடிதான் பிறக்கிறது. 1700இல் இந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த பியர் கோஸ்த், இந்தப் புதிய பொருளுக்குத் தன் மொழியில் சொல் இல்லாமல் தவித்து, மனசாட்சியைக் குறிக்கும் சொல்லையே நடுவில் சிறு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதி, அடிக்குறிப்பில் காரணம் சொன்னார். எத்தியேன் பாலிபார் 1998இல் ஒரு நூல் முழுக்க இந்த மொழிபெயர்ப்புச் சிக்கலைப் பின்தொடர்ந்திருக்கிறார்.

லாக்கின் குடிகாரன் உதாரணம்தான் நமக்கு முக்கியம். போதையில் ஒருவன் குற்றம் செய்கிறான். தெளிந்த பிறகு சுத்தமாக நினைவில்லை. லாக்கின் கோட்பாட்டுப்படி அந்தச் செயல் அவனுடையதல்ல. பிறகு ஏன் சட்டம் தண்டிக்கிறது? நினைவில்லை என்று அவன் சொல்வது நிஜமா நடிப்பா என்று மனித நீதிமன்றத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தண்டிக்கிறது என்கிறார். எல்லா நெஞ்சங்களின் ரகசியங்களும் திறக்கப்படும் கடைசி நாளில், தான் அறியாத எதற்கும் ஒருவன் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. நெஞ்சைத் திறந்து பார்ப்பது கடவுளின் வேலை. ராஜாவின் நீதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் வெளியே தெரிகிற செயலை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் அறியாமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையறியும் கருவிகளின் வரலாறு முழுவதையும் இந்தக் கோட்டைத் தாண்டுகிற முயற்சியாகப் படிக்கலாம். கடைசி நாளைக் கொஞ்சம் முன்னாலேயே, ஆய்வுக்கூடத்தில் நடத்திவிடுவது.

3

ஆனால் யார் ஆள்? லாக் கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். 1669இன் கரோலினா அடிப்படைச் சட்டம், சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மேல் முழு அதிகாரம் கொடுத்தது. அதை உருவாக்கியதில் லாக்கின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அது நடக்கட்டும். கவனிக்க வேண்டியது அமெரிக்க அடிமைச் சட்டங்களின் இரட்டை நாக்கு: விற்கும்போது அடிமை சரக்கு, குற்றம் சாட்டும்போது பொறுப்புள்ள ஆள். தண்டிப்பதற்காக மட்டும் ஒருவருக்குத் தன்னுணர்வு வழங்கப்பட்டது.

லாக்கின் இன்னொரு பிரபலமான கற்பனையும் இங்கே வேறுமாதிரி ஒலிக்கிறது. ஒரு இளவரசனின் உணர்வு முழுக்கச் செருப்புத் தைக்கிற ஒருவரின் உடம்புக்குள் போய்விடுகிறது. ஆள் என்ற கணக்கில் அவர் இளவரசன். ஆனால் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் செருப்புத் தைக்கிறவர்தான் என்று லாக்கே எழுதுகிறார். எழுதிவிட்டுக் கடந்து போய்விடுகிறார். நம்மால் அப்படிக் கடந்துபோக முடியாது. உள்ளே நான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஊர் என்னை எப்படிக் கூப்பிடுகிறது? தன்னுணர்வு உள்ளே மட்டும் நடக்கிற காரியமா?

ஹெகல் 1807இல் இதற்குத்தான் முகம் கொடுத்தார். இன்னொரு தன்னுணர்வு ஏற்கும்போதுதான் தன்னுணர்வு தன்னுணர்வாக இருக்கிறது என்பது அவர் நிலை. ஆண்டை அடிமை இயங்கியல் நம் வாசகர்களுக்குப் பழகிய பாடம். திரும்ப ஒப்பிக்கத் தேவையில்லை. அதை எழுதிய நாட்களில் ஹெகல் படித்துக்கொண்டிருந்த ‘மினர்வா’ என்ற பத்திரிகையில் ஹைட்டி அடிமைகளின் புரட்சி பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன என்று சூஸன் பக்-மார்ஸ் 2000இல் எழுதிய கட்டுரை வாதிட்டது. அது சரியென்றால், அந்தப் புகழ்பெற்ற பக்கங்களுக்குப் பின்னால் தூரத்து வயல்களில் எரிந்த கரும்பின் புகை இருக்கிறது. லாக்கின் ‘நான்’ கூண்டில் நின்று பதில் சொன்னது என்றால், ஹெகலின் ‘நான்’ ஏற்பைக் கேட்டுப் போராடியது.

4

உள்ளே இருக்கும் சாட்சியைப் பேச வைப்பது எப்படி? 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் இரண்டு முடிவுகளை எடுத்தது. கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நெருப்பு, தண்ணீர்ச் சோதனைகள் மூலம் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சடங்குகளில் குருக்கள் இனிப் பங்கெடுக்கக் கூடாது. கடவுள் வெளியிலிருந்து அடையாளம் காட்டுவது நின்றது. இனி குற்றவாளியின் வாயிலிருந்தே உண்மை வர வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றங்களில் சித்திரவதை முறைப்படி நுழைந்த காலமும் இதை ஒட்டியதுதான். ஒப்புதல் வாக்குமூலம் மேற்கில் உண்மையை உற்பத்தி செய்யும் தொழில்நுட்பமாக ஆன கதையை 1976இல் ஃபூக்கோ எழுதியபோது இந்த ஆண்டைத்தான் திருப்பமாகக் காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் இது மருந்துக் குப்பிக்குள் போகிறது. 1916இல் டெக்சாஸில் ராபர்ட் ஹவுஸ் என்ற டாக்டர் ஒரு வீட்டில் பிரசவம் பார்க்கிறார். தாய்க்கு ஸ்கோபலமின் என்ற மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் வைத்திருக்கிறார். குழந்தையை நிறுத்துப் பார்க்கத் தராசு கேட்கிறார். கணவனுக்கு அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மயக்கத்தில் கிடந்த பெண், அது எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறாள். அவ்வளவுதான், டாக்டருக்குப் பொறி தட்டிவிட்டது. 1922இல் டல்லாஸ் சிறையில் இரண்டு கைதிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து விசாரித்தார்கள். நிரபராதிகளைக் காப்பாற்றத்தான் ஹவுஸ் இதைப் பரிந்துரைத்தார். நல்ல நோக்கம்தான். பின்னால் பெந்தோத்தல் வந்தது. மருந்தின் பிடியில் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1963இல் சொன்னது. மருந்து உண்மையைக் கொண்டுவரவில்லை, தடையைத்தான் தளர்த்துகிறது. தளர்ந்த நாக்கு நிஜத்தையும் சொல்லும், கற்பனையையும் சொல்லும், கேட்கிறவர் விரும்புவதையும் சொல்லும்.

5

சரி, நாக்கை விட்டுவிட்டு நேராக மூளையையே கேட்டால்? இங்கேதான் விஞ்ஞானம் தன் சொந்தக் கண்டுபிடிப்புகளுக்கு எதிராகவே பயன்படுத்தப்படும் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டும் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் அறுபதுகளில் நடந்தது. அந்த நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கஸ்ஸானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுபதுகளில் கஸ்ஸானிகாவும் ஜோசப் லெதூவும் செய்த ஒரு சோதனை: பேச்சை ஆளும் இடது பாதிக்கு மட்டும் தெரியும்படி கோழியின் காலைக் காட்டினார்கள், பேச முடியாத வலது பாதிக்குப் பனி மூடிய காட்சியை. பிறகு பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னார்கள். இடது பாதி ஆளுகிற வலக்கை கோழியைத் தொட்டது. வலது பாதி ஆளுகிற இடக்கை பனி வாரும் மண்வெட்டியைத் தொட்டது. ஏன் மண்வெட்டி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது பாதிக்குப் பனி தெரியவே தெரியாது. ஆனால் அது திணறவில்லை. கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டாமா என்று விளக்கம் கொடுத்தது.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தெரியாத ஒரு காரணத்தின் இடத்தில் பொருத்தமான ஒரு கதையை அந்த நொடியில் நெய்து, அதைத் தன் காரணமாகவே உணர்ந்தார். கஸ்ஸானிகா இந்த வேலையைச் செய்யும் அமைப்புக்கு ‘விளக்குபவர்’ என்று பெயர் வைத்தார். லாக்கின் உள்சாட்சி இருந்த நாற்காலியில் ஒரு கதைசொல்லி உட்கார்ந்திருக்கிறார்.

நினைவும் இப்படித்தான். அது பதிவேட்டிலிருந்து எடுப்பதல்ல, மறுபடி கட்டுவது என்று ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே காட்டினார். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 1974இல் ஒரு கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும், நொறுங்கிய என்ற சொல்லைக் கேட்ட குழுவில் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேட்கிறவரின் வினைச்சொல் பார்த்தவரின் நினைவுக்குள் கண்ணாடியை உடைத்துப்போட்டது. வகுப்பறையிலேயே இந்தக் கதி என்றால் லாக்கப்பில் எப்படி இருக்கும்?

எண்டல் டல்விங் 1985இல் ஒரு வேறுபாட்டைக் கோட்பாடாக்கினார்: ஒரு செய்தி நடந்தது என்று அறிவது வேறு, அதை நான் அனுபவித்தேன் என்று நினைவுகூர்வது வேறு. இரண்டாவதைத் தன்னறிவுடைய உணர்வு என்றார். தலையில் அடிபட்ட ஒரு நோயாளிக்குத் தன் வாழ்க்கை பற்றிய தகவல்கள் தெரிந்தன. ஆனால் வாழ்ந்த ஒரு நிகழ்ச்சிகூட அவருக்குத் திரும்பவில்லை. நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. லாக்கின் கருத்துக்குக் கிடைத்த மிக நுட்பமான மறுவிளக்கம் இது. ஆனால் இதுவே போலீஸ் கருவிக்கும் கதவு திறந்தது.

6

பழக்கமான, பொருளுள்ள ஒன்று எதிர்ப்படும்போது மூளையில் ஏறக்குறைய 300 மில்லிசெகண்டில் எழும் மின்னலை 1965இல் அறியப்பட்டது. அதை வைத்துக் குற்ற அறிவைக் கண்டுபிடிக்கலாம் என்று 1991இல் லாரன்ஸ் ஃபார்வெல், இமானுவேல் டோன்சின் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஃபார்வெல் பிறகு இதற்கு ‘மூளைக் கைரேகை’ என்று பெயர் சூட்டி வியாபாரமாக்கினார். இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய முறை இன்னும் ஒருபடி மேலே போனது. ஒருவர் ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறாரா, தானே அனுபவித்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பது அதன் உரிமைகோரல்.

2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தபோது இந்தச் சோதனை முடிவையும் ஆதாரமாக ஏற்றது. சோதனை எப்படி நடந்தது என்று பாருங்கள். தலையில் மின்முனைகள் பொருத்தி உட்கார வைக்கிறார்கள். அவர் வாயைத் திறக்க வேண்டாம். விசாரணைத் தரப்பின் கதை வாக்கியம் வாக்கியமாக அவருக்கு வாசிக்கப்படுகிறது, தன்மை ஒருமையில்: நான் ஆர்செனிக் வாங்கினேன். நடுநடுவே வானம் நீலமானது என்பது போன்ற சாதாரண வாக்கியங்கள். எந்த வாக்கியத்துக்கு மூளை ‘அனுபவித்தேன்’ என்று ஒளிர்கிறது என்பதை இயந்திரம் சொல்லும். பின்னர் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குப் பிணை வழங்கியது. அதே 2008இல் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு இந்த முறைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது, நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தது.

அல்தூஸர் 1970இல் சொன்ன உதாரணம் நமக்குத் தெரியும். தெருவில் போலீஸ்காரர் ‘ஏய், நீதாண்டா!’ என்று கூப்பிடுகிறார். திரும்புகிறவன் அந்தக் கணத்தில் தன்னிலை ஆகிறான். புனேயில் போலீஸ் ‘நீ’ என்று கூப்பிடவில்லை. ‘நான்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. என் கதையை என் பெயரில் நீ சொல்கிறாய், நான் மௌனமாக இருக்கிறேன், என் மௌனமும் பதிலாக எழுதப்படுகிறது. திரும்பாமல் நடந்துபோகிற வாய்ப்பு இங்கே கிடையாது.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க மருந்து விசாரணை, பொய்யறியும் கருவி, மூளைப் பதிவு ஆகிய எதையும் விருப்பத்துக்கு மாறாக ஒருவர் மேல் செலுத்துவது அரசியல் சட்டப் பிரிவு 20(3)க்கும் 21க்கும் விரோதம் என்றது. 1961இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று கூறியிருந்தது. ‘மூளைக் கைரேகை’ என்ற பெயரின் சாமர்த்தியம் இப்போது புரியும்: பெயரை வைத்தே மூளையை விரலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மூளை அலையிலிருந்து எடுக்கப்படுவது ஒருவரின் சொந்த அறிவு. வாய் பேசாவிட்டாலும் அது சாட்சியமே என்றது. லாக் கடவுளுக்கு விட்டுவைத்த எல்லைக்கோடு, கடவுள் இல்லாமலே, குடிமை உரிமையாக மறுபடி வரையப்பட்டது.

இதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. சம்மதத்தோடு செய்யலாம் என்ற வாசலைத் தீர்ப்பு திறந்தே வைத்தது. சம்மதம் நீதித்துறை நடுவர் முன் பதிவாக வேண்டும், வழக்கறிஞர் உதவி கிடைக்க வேண்டும், முடிவு தானாகவே ஆதாரமாகாது என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. ஆனால் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நிற்கிறவரின் சம்மதம் எவ்வளவு சம்மதம்? குற்றம் சாட்டப்பட்ட எல்லோருக்கும் மயக்க மருந்து விசாரணை செய்யப்போவதாகப் போலீஸ் சொன்னதைப் பாட்னா உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும், 2025 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டி வந்ததும், 15 ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை என்ன என்று காட்டுகின்றன.

7

நம் தரப்பிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தன்னிலை என்பது சொல்லாடலின் விளைவு, சுதந்திரமான ‘நான்’ ஒரு முதலாளியப் புனைவு என்று சிற்றிதழ்களில் நாம் நிறைய எழுதிவிட்டோம். மூளை ஆய்வும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது: உள்ளே முதலாளி யாரும் இல்லை, கதைசொல்லிதான் உண்டு. அப்படியானால் மின்முனைகளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சொல்வோம்? ‘உன் நான் ஒரு புனைவுதான், அதைக் காப்பாற்றி என்ன பண்ணப் போகிறாய்?’ என்றா?

முடிவு நேர் எதிராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உள்ளே மாறாத உண்மை ஒன்று பெட்டியில் பூட்டிக் கிடந்தால், பூட்டை உடைப்பவருக்காவது ஒரு நியாயம் மிஞ்சும். பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. 2010இல் ஜெஸ்ஸி ரிஸ்மன், ஹென்றி கிரீலி, ஆந்தனி வாக்னர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தைப் பார்த்ததாக ஒருவர் நம்புகிறாரா இல்லையா என்பதை மூளைப் படத்திலிருந்து நன்றாகவே ஊகிக்க முடிந்தது. அந்த முகத்தை உண்மையிலேயே முன்பு பார்த்திருந்தாரா என்பதை நம்பத்தகுந்தபடி சொல்ல முடியவில்லை. கருவி படிப்பது நம்பிக்கையை. நம்பிக்கையைக் காவலறையில் உற்பத்தி செய்ய முடியும். 1989இல் நியூயார்க் பூங்கா வழக்கில் பதின்வயதுச் சிறுவர்கள் தாங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உண்மைக் குற்றவாளி மரபணுச் சோதனையில் உறுதியாகித் தீர்ப்பு ரத்தாக 2002 வரை ஆயிற்று.

தன்னுணர்வு என்பது சொல்லப்படுகிற கதை என்றால், யார் சொல்வது என்பது மட்டும்தான் மிச்சமிருக்கிற அரசியல். வாய்திறக்காமல் இருக்கும் உரிமையை இதுவரை நாம் ரகசியத்தைக் காக்கும் உரிமையாகவே பேசிவந்தோம். இன்னும் அடிப்படையான ஒன்று அதில் இருக்கிறது: ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தை என் சார்பில் இன்னொருவர் முடித்துவிடாமல் இருக்கும் உரிமை. அந்த உரிமை காவல் நிலையத்திலேயே தொடங்குகிறது என்று நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1978இல் எழுதிவிட்டார். கைதானவரைப் பார்க்க ஸ்டேஷனுக்கு ஓடுகிற தோழர்கள், சம்மதத் தாளில் கையெழுத்துப் போட மறுக்கலாம் என்பதை முதல் பேச்சிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். தத்துவத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.